குதிகால் இறங்கும் நேரம்

ஜூன் 3

மறுபடியும் அதே முழங்கால். உயரமான பையனுடையதைச் சொல்கிறேன், என்னுடையதை இல்லை. பேஸ்பால் மட்டை பந்தைத் தொடும் நேரத்தில் அவனுடைய முன் முழங்கால் மடங்கிக் கிடக்கிறது. பின்காலிலிருந்து எடையை நன்றாகத்தான் கொண்டுவருகிறான், வந்த எடையைத் தடுத்து நிறுத்தத்தான் முன்னால் ஒன்றும் இல்லை. இடுப்பு திரும்பாமல் பந்தை நோக்கி வழுக்கிக்கொண்டே போகிறது, கை மட்டும் தனியாக உழைக்கிறது. பந்து, உள்வட்டத்தில் தடுக்க நிற்கும் ஷார்ட்ஸ்டாப் பக்கம் சோம்பலாக உருண்டது. "கோச், நல்லாத்தானே அடிச்சேன்?" என்றான். அடிச்சே தம்பி, கையால.

ஓடுகிற பஸ்ஸில் திடீரென்று பிரேக் போட்டால் நிற்கிறவர்கள் முன்னால் பாய்கிறார்களே, அப்படித்தான் மட்டையைச் சுழற்றும் ஸ்விங்கும் என்று சொன்னேன். முன்கால் நின்றால்தான் இடுப்பு சுழலும். இடுப்பின் வேகம் குறையும்போது தோள் வேகம் எடுக்கும், தோளுக்கு அப்புறம் கை, எல்லாவற்றுக்கும் கடைசியில் மட்டை. தலையை ஆட்டினான். அடுத்த பந்திலும் முழங்கால் மடங்கியது.

ஜூன் 4

ஆஸ்பத்திரியில் இன்னும் எனக்குத் தேதி சொல்லவில்லை. போன் செய்தால் "நாங்களே கூப்பிடுவோம் சார்" என்கிறார்கள்.

ஜூன் 6

நின்று காட்ட முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து வாயாலேயே ஸ்டான்ஸ், அதாவது அடிக்க நிற்கும் விதம், சொல்லிக்கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது. "தோளைவிடக் கொஞ்சம் அகலமா நில்லு" என்றால் ஒருவன் ஒரு சாண் வைக்கிறான், இன்னொருவன் பள்ளத்தைத் தாண்டுகிறவன் மாதிரி நிற்கிறான். பாதத்தின் முன்பகுதியில் எடை இருக்க வேண்டும், குதிகாலில் இல்லை. ஆனால் குதிகால் தரையை விட்டுத் தூக்கியிருக்கவும் கூடாது. முழங்கால்கள் பாதத்துக்கு உள்பக்கமாகவே இருக்க வேண்டும். பின் முழங்கால் வெளியே சாய்ந்துவிட்டால் எடை பின்பாதத்தின் வெளி ஓரத்துக்குப் போய்விடும், அங்கிருந்து அதைத் திரும்பக் கூட்டிவருவதற்குள் பந்து பின்னால் உட்கார்ந்திருக்கும் கேட்சர் கையில். இரண்டு கண்ணும் பந்து எறியும் பிட்சரைப் பார்க்க வேண்டும். பேட்டர் பக்கத்தில் தரையில் பதித்த ஹோம் பிளேட் 17 அங்குல அகலம். அதன் மறு ஓரத்தை மட்டையின் தடித்த பகுதி எட்டுகிறதா என்று குனிந்து தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான் ஸ்டான்ஸ்.

ஆனால் இவர்கள் வீடியோ பார்த்துவிட்டு வருகிறார்கள். ஒருவன் அமெரிக்க ஆட்டக்காரர் ஜெஃப் பேக்வெல் மாதிரி கால்களை அகட்டி, காணாத நாற்காலியில் உட்கார்ந்தவன் போல நிற்கிறான். ஏன்டா என்றால், "அவரு 449 ஹோம் ரன் அடிச்சிருக்காரு கோச்." அடித்தார். 449 தடவை பந்து வேலிக்கு வெளியே. அந்த ஆள் அப்படி உட்கார்ந்ததற்கு அவருடைய தொடையில் காரணம் இருந்தது, உன் தொடையில் என்ன இருக்கிறது? இன்னொருவள் அங்கேயே ஆடிய ஜார்ஜ் பிரெட் மாதிரி மட்டையைத் தோளோடு படுக்கப் போட்டு, உடம்பு முழுக்கப் பின்காலில் சாய்கிறாள். அழகாகத்தான் இருக்கிறது. நான் தடுக்கவில்லை. பிட்சர் கையிலிருந்து பந்து கிளம்பும் வரைக்கும் எப்படி வேண்டுமானாலும் நில். முன்பாதம் தரையில் இறங்கும் அந்த நொடியை மட்டும் நிறுத்திப் பார்த்தால் பேக்வெல், பிரெட், ஜப்பான்காரர் இச்சிரோ மூன்று பேரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருப்பார்கள்: கை பின்னால், முன்தோள் மூடியிருக்கும், நெஞ்சு பிட்சர் பக்கம் திரும்பியிருக்காது, தலை இரண்டு காலுக்கும் நடுவில். எனக்கு அந்த ஒரு நொடி போதும்.

ஜூன் 7

வலி. மைதானத்துக்குப் போகவில்லை.

ஜூன் 9

கிரிக்கெட்டிலிருந்து வந்தவளைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். கை கண் ஒத்துழைப்பு இவளுக்குத்தான் எல்லோரையும்விட அதிகம், சந்தேகமே இல்லை. பிரச்சினை, அவளுடைய முன்கால் பந்தைத் தேடிப் போகிறது. கிரிக்கெட்டில் அதுதான் சரி. பந்து எங்கே குத்துகிறதோ அங்கே கால், கால் முட்டிக்கு மேலே தலை, அப்படியே சாய்ந்து டிரைவ். வருஷக்கணக்கில் ஊறிய பழக்கம். இங்கே பந்து குத்துவதே இல்லை. வெளியே வரும் பந்துக்கு அவள் கால் குறுக்கே போகிறது, உள்ளே வரும் பந்துக்கு வெளியே விலகுகிறது, இரண்டிலும் தலை முன்காலுக்கு மேலே போய் உட்கார்ந்துவிடுகிறது. தலை முன்னால் போகப் போக அவளுக்குப் பந்து இன்னும் வேகமாக வருவதாகத் தெரியும், கண் மட்டமும் இறங்கிவிடும்.

"கால் பிட்சரைப் பார்த்துப் போகணும்மா, பந்தைப் பார்த்து இல்ல. கால் முன்னால போகும், தலை அங்கேயே இருக்கும்" என்றேன்.

"கால் போனா தலையும் போகுமே சார்?"

நியாயமான கேள்வி. உடனே பதில் வரவில்லை. அப்புறம் செவ்வகப் பெட்டி ஒன்றைச் சுண்ணாம்பால் தரையில் வரைந்து, முன்பாதம் அதற்குள்தான் இறங்க வேண்டும் என்றேன். பந்தே போடவில்லை. வெறும் காலடி. ஓர் அடிக்கும் குறைவான தூரம்தான், அதில் எத்தனை அகங்காரம் இருக்கிறது மனித உடம்புக்கு.

ஜூன் 10

பெட்டிக்குள் இறங்கியது. தலையும் கூடவே வந்தது.

ஜூன் 12

கோபத்தில் எழுதுகிறேன். ஒரு அப்பா வலைக்குப் பின்னாலிருந்து "பின்காலால பூச்சிய நசுக்கு, நசுக்கு!" என்று கத்திக்கொண்டே இருந்தார். யாரோ எந்தக் காலத்திலோ சொன்னது. பின்பாதத்தை நின்ற இடத்திலேயே திருகினால் இடுப்பு திரும்புகிறது, உண்மைதான். ஆனால் எடை பின்காலிலேயே தங்கிவிடுகிறது. பையன் பம்பரம் மாதிரி சுற்றுகிறான் (இதைச் சொன்னால் அப்பாவுக்கு அது பாராட்டாகத் தெரிகிறது), முன்தோள் சீக்கிரம் திறந்துகொள்கிறது, வெளிப்பக்கப் பந்தை எட்டவே முடியாது. நல்ல பேட்டர்களின் படத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள் ஐயா, பந்தை அடிக்கும் நேரத்தில் பின்பாதத்தில் எடையே இருக்காது. பெருவிரல் நுனி மட்டும் மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும், சிலருக்குக் கால் தரையை விட்டுக் கிளம்பியேவிடும். நசுக்க அங்கே என்ன எடை இருக்கிறது? இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. "கொஞ்சம் அமைதியா பாருங்க சார்" என்று மட்டும் சொன்னேன். சாயங்காலம் முழுக்க மனசுக்குள் அவரோடு வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 13

என் காலுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர் இன்று என்னிடம், "எடையை இடது காலுக்கு மாத்துங்க சார், பயப்படாம மாத்துங்க" என்கிறார். என்னிடம்.

ஜூன் 15

தூக்கம் இல்லை. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பிட்சர் நிற்கும் பலகையிலிருந்து பிளேட் 60 அடி 6 அங்குலம். மணிக்கு 90 மைல் வேகத்தில் வரும் பந்துக்குச் சுமார் 0.4 வினாடி. அதில் மட்டை சுழலவே 0.15 வினாடி போய்விடும். மிச்சமுள்ள நேரத்தில் பார்க்க வேண்டும், என்ன பந்து என்று கண்டுபிடிக்க வேண்டும், அடிப்பதா விடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். இவ்வளவுக்கும் அப்புறம் மட்டையும் பந்தும் சேர்ந்திருப்பது ஆயிரத்தில் ஒரு வினாடி. எங்கள் பிள்ளைகளுக்கு அவ்வளவு வேகத்தில் யாரும் போடுவதில்லை, ஆனால் தூரமும் குறைவு, அதனால் அவசரம் ஏறக்குறைய அதே அவசரம்தான்.

இதிலிருந்து எனக்குப் புரிவது: என்ன பந்து என்று தெரிவதற்கு முன்பே கால் கிளம்பியாக வேண்டும். ஸ்ட்ரைடு என்கிற அந்தக் காலடி, அடிப்பதற்காக வைக்கும் அடி இல்லை. பெருவிரலின் உள்பக்கம் மெதுவாக இறங்க வேண்டும், குதிகால் இன்னும் மேலே. அந்தக் கட்டத்தில்கூட "வேண்டாம்" என்று சொல்லி நிற்க முடியும். குதிகால் இறங்கினால்தான் ஸ்விங். விரலுக்கும் குதிகாலுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது, பேட்டரின் மூளை வேலை செய்வது அங்கேதான். உயரமான பையனுக்கு அந்த இடைவெளியே இல்லை. பாதம் முழுசாகத் தொப்பென்று விழுகிறது, விழும்போதே எடையும் விழுந்துவிடுகிறது. முழங்கால் மடங்குவது அதனால்தான். மணி மூன்றரை.

ஜூன் 16

காலையில் படித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது.

ஜூன் 18

ஜப்பானிய பேட்டர் சடஹரு ஓ பற்றி இவர்களுக்குச் சொன்னேன். 1961-ல் 13 ஹோம் ரன். காலடியின் நேரம் அவருக்குப் பிடிபடவில்லை. ஹிரோஷி அரகாவா என்ற கோச் வந்து, 1962-ல் அவரை ஒற்றைக் காலில் நிற்கவைத்தார். முன்காலைத் தூக்கி, பின்காலிலேயே முழு எடையும் நிற்க, பந்து வரும் வரை காத்திருப்பது. அந்த வருஷம் 38. ஓய்வுபெறும்போது 868. தொங்கவிட்ட காகிதத்தை வாளால் வெட்டிப் பழகினார் என்றதும் பையன்களுக்கு வாய் பிளந்துவிட்டது. இடைவேளை முடிந்ததும் எல்லோரும் ஒற்றைக் காலில். இரண்டு பேர் விழுந்தார்கள். நான் சொல்ல வந்தது அதை இல்லை! பின்கால் எடையைத் தாங்கிக்கொண்டு அவசரப்படாமல் இருப்பதைத்தான் சொல்ல வந்தேன். ஆனாலும் சிரித்துவிட்டேன், ரொம்ப நாளைக்கு அப்புறம்.

ஜூன் 20

சுழற்சியா, எடை மாற்றமா என்ற பழைய சண்டையை இன்றைக்கு இன்னொரு கோச் ஆரம்பித்தார். ஒரு பக்கம் டெட் வில்லியம்ஸ், 1941-ல் பேட்டிங் சராசரி .406 (ஆயிரம் முறைக்கு 406 ஹிட் என்ற கணக்கு), இடுப்புதான் எல்லாம் என்றவர். மட்டை கொஞ்சம் மேல்நோக்கிப் போக வேண்டும் என்றும் சொன்னார், பிட்சர் நிற்கும் மேட்டிலிருந்து பந்து சரிந்து இறங்குவதால். மறுபக்கம் கோச் சார்லி லா, பின்காலிலிருந்து உறுதியான முன்காலுக்கு எடை போக வேண்டும் என்றவர். அவரிடம் பாடம் கேட்ட பிரெட் 1980-ல் .390 அடித்தார். அணி பிரித்துச் சண்டை போடுகிறார்கள். முதலில் போவது, அப்புறம் நிற்பது, நின்றதும் சுழல்வது. ஒருவர் முதல் பாதியைச் சத்தமாகச் சொன்னார், இன்னொருவர் இரண்டாவது பாதியை. என் பிள்ளைகளுக்கு நடுவில் இருப்பது வரவில்லை, நிற்பது.

ஜூன் 23

கேட்டது! பார்க்கவில்லை, கேட்டது. வெயிலுக்கு வலை ஓரமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். பின்னால் உயரமான பையன் பேட்டிங் டீ என்கிற கம்பத்தின் மேல் பந்தை வைத்து அடித்துக்கொண்டிருந்தான். மண்ணில் ஷூவின் ஸ்பைக் சத்தம். எப்போதும் ஒரே சத்தம்தான் வரும், தொப். திடீரென்று இரண்டு சத்தம்: முதலில் மெல்லிய உரசல், ஒரு மூச்சு விட்டு, அப்புறம் குதிகால் குத்தும் டக். அதற்குப் பின்னால் வந்த மட்டைச் சத்தம் வேறு மாதிரி இருந்தது. திரும்பினேன். முன்கால் கம்பி மாதிரி நீண்டிருந்தது, பின்பாதம் பெருவிரல் நுனியில். "இன்னொரு தடவை" என்றேன். வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை. பரவாயில்லை. இனிமேல் கண்ணை மூடிக்கொண்டு காதை வைத்துச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன்.

ஜூன் 24

டக்.

ஜூன் 26

சின்னவன் காலை ரொம்ப உயரத் தூக்குகிறான், இறக்க நேரம் இல்லை. ஜப்பான்காரர் ஓட்டானியைக் காட்டினேன். 2018-ல் அமெரிக்கா போன புதிதில் பயிற்சி ஆட்டங்களில் திணறியதும் காலைத் தூக்குவதையே விட்டுவிட்டு, முன்பாத நுனியைத் தரையில் வைத்தபடியே குதிகாலைத் திருப்பி இறக்குவதோடு நிறுத்திக்கொண்டார். சீசன் தொடங்கும் நேரத்தில் போய் மாற்றுவது என்றால் எவ்வளவு துணிச்சல். அந்த வருஷம் 22 ஹோம் ரன், அமெரிக்கன் லீகின் சிறந்த புதுமுகம். "அப்ப நானும் தூக்க வேணாமா கோச்?" வேண்டாம்டா. இன்றைக்கு வேண்டாம். எடை பின்னால் போய்வருவதற்கு ஒரு கைக்குட்டை அகலம் போதும்.

ஜூன் 27

மெதுவான பந்துகளைக் கலந்து போடச் சொன்னேன். எல்லோரும் முன்னால் சரிந்துவிட்டார்கள், கிரிக்கெட்டிலிருந்து வந்தவளைத் தவிர. விரல் இறங்கியது, காத்திருந்தாள், தலை அசையவில்லை, டக், பந்து சென்டர் ஃபீல்டுக்கு நேராக. அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை, அடுத்த பந்துக்கு ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். கால் போனாலும் தலை போகாது என்பதற்கு நான் தேடிக்கொண்டிருந்த பதிலை அவளே கண்டுபிடித்துவிட்டாள். எப்படி என்று கேட்டால், "தெரியல சார், இடுப்புக்குக் கீழ மட்டும் போனேன்" என்கிறாள். எத்தனை நாளாக நான் தேடிய வாக்கியம். நாளைக்கே எல்லோரிடமும் சொல்லிவிடுவேன், என்னுடையது மாதிரி.

ஜூன் 29

யாருக்கும் புரியவில்லை. அவளுக்கு மட்டும்தான் அந்த வாக்கியம்.

ஜூலை 1

கூப்பிட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை, வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள்.

ஜூலை 2

எனக்குப் பதிலாக வருகிற தம்பிக்கு எழுதிவைக்கிறேன், இங்கேயும் ஒரு பிரதி. உயரமானவனிடம் முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே. பேசினால் அதையே நினைத்துக்கொண்டு காலை விறைப்பாக இறக்குவான், இடுப்பு பூட்டிக்கொள்ளும். முதுகைத் திருப்பி உட்கார்ந்து சத்தத்தைக் கேள். இரண்டு சத்தம் வந்தால் "ஆமா" என்று சொல், வராவிட்டால் சும்மா இரு. கிரிக்கெட்டிலிருந்து வந்தவளின் பெட்டியை அழித்துவிடலாம். சின்னவன் தூங்கி வழிந்தால் பயிற்சிப் பந்து எடுத்துக் கொடு, கனமானது, பக்கவாட்டில் சுவரில் எறியட்டும், எறிந்த பிறகு எந்தக் காலில் நிற்கிறாய் என்று மட்டும் கேள். வலைக்குப் பின்னாலிருந்து பூச்சி என்று சத்தம் வந்தால் காது கேட்காத மாதிரி இரு. பேக்வெல் பையனை அப்படியே விட்டுவிடு, இரண்டு நாளில் தொடை வலித்து அவனே எழுந்து நிற்பான். இடதுகைக்காரிக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, அவளுடைய முன்தோள் சீக்கிரம் திறக்கிறது, அதற்குக் காரணம் தோளில் இல்லை, பின்பாதத்தைப் பார்