இருபது வளைவுகளும் கழன்ற செயினும்

சேலத்துச் சைக்கிள் நண்பர்கள் சேர்ந்து ஏற்காடு மலைக்கு நடத்திய நெடுந்தூரப் பந்தயத்தில், அலுவலகம் முடிந்த மாலைகளில் மட்டும் பயிற்சி எடுத்திருந்த நானும் சென்ற ஞாயிற்றுக்கிழமை கலந்துகொண்டேன். சமவெளியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம் சேரும் வரை முன்னால் செல்பவர்களின் முதுகுக்குப் பின்னே காற்றுக்கு ஒதுங்கியே ஓட்டினேன்.

சேலம் நகரம் 300 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் இருக்க, ஏற்காடோ சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இடப்பக்கம் திரும்புபவைதாம் என்னை வாட்டின. உட்புறத்தில் தூரம் குறைவு, ஏறவேண்டிய உயரமோ அதேதான் என்பதால், அங்கே சாலை சுவர்போல் நிமிர்ந்துவிடுகிறது. பேருந்து வராத நேரம் பார்த்துச் சற்று வெளிப்புறமாகச் சுற்றினால் தொடைக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்.

அறுபது அடி பாலத்தை நெருங்கும்போது, பெடலை அழுத்திக்கொண்டே முன்பக்கக் கியரை மாற்றிய அவசரத்தில் செயின் கழன்றது. (அழுத்தத்தைத் தளர்த்திவிட்டுத்தான் மாற்றவேண்டும் என்று பிறருக்குப் பாடம் சொல்பவன் நான்.) அதை மாட்டி முடிப்பதற்குள் ஏழெட்டுப் பேர் கடந்துவிட்டார்கள், கைப்பிடிச் சுவரில் ஒரு குரங்கு மட்டும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

கடைசி ஐவரில் ஒருவனாக ஏரிக்கரையை அடைந்து டீ வாங்கியபோது, கண்ணாடித் தம்ளரில் என் விரல் ரேகைகள் கறுப்பாகப் பதிந்தன.