இலுமினே: படிக்கப் படிக்கப் பயம்

பதின்வயதினருக்கான நாவல்தானே என்று 'இலுமினே'வை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏமி காஃப்மேன், ஜே கிறிஸ்டாஃப் என்ற இரண்டு ஆஸ்திரேலிய எழுத்தாளர்கள் சேர்ந்து எழுதி 2015-இல் வந்தது.

கதை நடப்பது 2575-இல். கெரென்ஸா என்ற கிரகத்தில் சட்டவிரோதமாக இயங்கிய சுரங்கக் குடியிருப்பைப் போட்டி நிறுவனம் ஒன்று தாக்குகிறது. தப்பியவர்கள் மூன்று கப்பல்களில் ஓட, எதிரியின் போர்க்கப்பல் துரத்துகிறது. அன்று காலையில்தான் காதலை முறித்துக்கொண்ட கெய்டியும் எஸ்ராவும் ஆளுக்கொரு கப்பலில்.

துரத்தல்கூட எனக்குப் பெரிய பயம் இல்லை. உள்ளேயே ஒரு வைரஸ் பரவுகிறது. தொற்றியவர்கள் கூட இருப்பவர்களையே வேட்டையாடத் தொடங்குகிறார்கள். அப்புறம் எய்டன், சேதமடைந்த செயற்கை நுண்ணறிவு. எல்லோரையும் காப்பாற்றத்தான் அது நினைக்கிறது, அதற்காக யாரைக் கொல்லலாம் என்று கணக்கும் போடுகிறது. அதன் முதல் பெரிய முடிவை இங்கே சொல்ல மாட்டேன். படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். ஆனாலும் எய்டனை வெறுக்க முடியவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

முழு நாவலும் விசாரணைக் கோப்பு வடிவில் இருக்கிறது: அரட்டைகள், மின்னஞ்சல்கள், கேமராப் பதிவு விவரிப்புகள், கப்பல் வரைபடங்கள். எய்டன் பேசும் பக்கங்கள் கறுப்பு. எழுத்துகள் சுழன்று சிதறி ஓடும். அதனால் அச்சுப் பிரதியாகவே வாங்குங்கள். அடுத்த பாகங்கள் 'ஜெமினா', 'ஒப்சிடியோ'.

பதினான்கு வயதுக்கு மேல் தாராளமாகக் கொடுக்கலாம். ரத்தம் நிறைய உண்டு, அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.