மட்சுமோட்டோ யாமகா: ஒரு நகரம் தூக்கி நிறுத்திய கிளப்

ஜப்பானின் பெரிய கால்பந்து கிளப்புகள் பலவும் நிறுவனங்களின் ஊழியர் அணிகளாகத் தொடங்கியவை. உராவா ரெட்ஸுக்குப் பின்னால் மிட்சுபிஷி இருந்தது, யோகோஹாமா எஃப். மரினோஸுக்குப் பின்னால் நிசான் இருந்தது. 2022 முதல் மூன்றாம் பிரிவான ஜே3 லீகில் ஆடிவரும் மட்சுமோட்டோ யாமகாவுக்குப் பின்னால் இருந்ததோ ஒரு காபிக் கடை. நாகனோ மாகாணத் தேர்வு அணியில் ஆடிய வீரர்கள் 1965ஆம் ஆண்டு தங்களுக்கென்று ஓர் அணியை அமைத்தபோது, மட்சுமோட்டோ ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த, வழக்கமாகத் தாங்கள் கூடிப் பேசும் 'யாமகா' என்ற கடையின் பெயரையே அணிக்கும் சூட்டினார்கள். நிலையத்தின் முகப்பைச் சீரமைத்தபோது 1978இல் கடை மூடப்பட்டது. பெயர் மட்டும் அணியோடு நிலைத்தது. 2017இல் கிளப்பே அதே பெயரில் நகரத்தில் ஒரு காபிக் கடையைத் திறந்ததை, பழைய கடனைத் தீர்த்த செயலாகவே நான் பார்க்கிறேன்.

1975இல் ஹொக்குஷினெட்சு வட்டார லீக் தொடங்கியபோது அதன் முதல் அணிகளுள் ஒன்றாகச் சேர்ந்த யாமகா, அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு ஓர் அமெச்சூர் அணியாகவே இருந்தது. அந்த நிலையை மாற்றியது ஒரு மைதானம். 2001இல் மட்சுமோட்டோ விமான நிலையத்தை ஒட்டி, ஏறத்தாழ 20,000 பேர் அமரக்கூடிய ஆல்வின் அரங்கம் திறக்கப்பட்டது. விமானப் பாதைக்கு அருகே உயரமாகக் கட்ட இயலாது என்பதால் ஆடுகளத்தைத் தரைமட்டத்துக்குக் கீழே பள்ளத்தில் அமைத்தார்கள். தடகள ஓடுபாதையும் இல்லாததால், முதல் வரிசையில் இருப்பவருக்கு வீரர்களின் குரல் கேட்கும் அளவுக்கு ஆட்டம் நெருங்கி வந்துவிடுகிறது. 2002 உலகக் கோப்பைக்கு வந்த பராகுவே அணி மட்சுமோட்டோவில் முகாமிட்டுப் பயிற்சி செய்தது. அதன்பின் இவ்வளவு நல்ல அரங்கத்தில் ஆடத் தொழில்முறை அணி ஒன்று இல்லையே என்ற ஏக்கம் ஊரில் வளர்ந்தது. 2004இல் உள்ளூர்க்காரர்கள் லாப நோக்கற்ற அமைப்பு ஒன்றைப் பதிவு செய்து, ஜப்பானின் தொழில்முறைக் கால்பந்துத் தொடரான ஜே லீகில் நுழைவதே இலக்கு என்று அறிவித்தார்கள். அணி அப்போது வட்டார லீகின் இரண்டாம் பிரிவில் இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால்தான் அந்த அறிவிப்பின் துணிச்சல் புரியும்.

என் பார்வையில் இந்தக் கிளப்பின் மிக முக்கியமான ஆண்டு, முதல் பிரிவில் ஆடிய 2015ஓ 2019ஓ அல்ல, 2009தான். அந்த ஆண்டு அக்டோபரில், தொழில்முறை அணிகளும் அமெச்சூர் அணிகளும் மோதும் தேசியப் போட்டியான பேரரசர் கோப்பையின் இரண்டாம் சுற்றில், இரண்டே ஆண்டுகளுக்கு முன் ஆசிய சாம்பியனாக இருந்த உராவா ரெட்ஸை, வட்டார லீக் அணியான யாமகா ஆல்வினில் 2-0 என்று வீழ்த்தியது. இத்தனைக்கும் வட்டார லீகில் அவர்கள் நான்காம் இடத்தில்தான் முடித்திருந்தார்கள்; அந்த வழியாக மேலே செல்ல வாய்ப்பே இல்லை. ஆனால் நாளுக்கு ஓர் ஆட்டமாக ஐந்து நாள்கள் தொடர்ந்து நடக்கும் அகில ஜப்பான் அமெச்சூர் அணிகளுக்கான போட்டியை வென்று, அதன்மூலம் வட்டார லீகுகளின் இறுதித் தொடருக்கு இடம்பிடித்து, அதையும் சொந்த மண்ணில் வென்று, ஜேஎஃப்எல் என்னும் தேசிய லீகுக்கு உயர்ந்தார்கள்.

2011இல் முன்னாள் ஜப்பான் தடுப்பாட்டக்காரரும் 2002 உலகக் கோப்பையில் ஆடியவருமான நவோகி மட்சுடா, மரினோஸ் அணி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காத நிலையில், பெயரும் புகழும் இருந்தும் தயங்காமல் இந்த ஜேஎஃப்எல் அணிக்கு ஆட வந்தார். ஆகஸ்ட் 2ஆம் தேதி காலைப் பயிற்சியின்போது மாரடைப்பால் சரிந்து விழுந்து, இரண்டு நாள்கள் கழித்து 34 வயதில் இறந்தார். அந்தப் பயிற்சி மைதானத்தில், நின்றுபோன இதயத்தை மின்னதிர்ச்சியால் இயக்கும் ஏஇடி கருவி இல்லை. விளையாட்டு மைதானங்களில் அக்கருவியை வைக்க வேண்டும் என்ற குரல் ஜப்பான் முழுவதும் வலுத்ததற்கு அவரது மரணம் ஒரு முக்கியக் காரணம். துயரத்தோடு எஞ்சிய ஆட்டங்களை ஆடி முடித்த அணி, நான்காம் இடத்தைப் பிடித்து, ஜே லீகின் இரண்டாம் பிரிவான ஜே2வுக்கு உயர்ந்தது. மரினோஸ் அவரது 3ஆம் எண்ணை நிரந்தரமாக ஒதுக்கி வைத்தது. யாமகாவிலோ, மட்சுடாவோடு மரினோஸில் ஆடியவரும் நாகனோ மாகாணத்தில் பிறந்தவருமான ஹயூமா தனாகா 2014இல் அந்த எண்ணை அணிந்து களமிறங்கினார். ஒதுக்கி வைப்பதும் மரியாதைதான். உரியவர் அணிந்து ஓடுவது அதற்குச் சற்றும் குறைந்ததல்ல என்று நினைக்கிறேன்.

2012இல் பொறுப்பேற்ற பயிற்சியாளர் யசுஹாரு சொரிமாச்சி, எதிரணியைவிட அதிகம் ஓடுவது, நீண்ட த்ரோ-இன்களையும், கார்னர், ஃப்ரீ கிக் போன்ற செட்பீஸ்களையும் கோலாக்குவது என்று, திறமையில் குறைந்த அணி எங்கே மிஞ்ச முடியுமோ அங்கே மட்டும் கவனம் வைத்தார். மூன்றே பருவங்களில் 2014இல் முதல் பிரிவு கைகூடியது. அடுத்த ஆண்டே இறங்கினார்கள். 2018இல் ஜே2 சாம்பியனாகி மீண்டும் ஏறி, 2019இல் மீண்டும் இறங்கினார்கள். அந்த 2019இல்கூட சொந்த மைதானத்து ஆட்டங்களுக்குச் சராசரியாக 17,000 பேருக்கு மேல் வந்தார்கள். மட்சுமோட்டோவின் மக்கள்தொகை ஏறத்தாழ 2,40,000 மட்டுமே. சொரிமாச்சி விலகியபின் அணி தன் பாணியை இழந்தது. 2021இல் ஜே2வில் கடைசி இடம், அடுத்து ஜே3.

அந்த வீழ்ச்சிதான் யாமகாவையும், மாகாணத் தலைநகரான நாகனோ நகரின் கிளப்பான ஏசி நாகனோ பார்செய்ரோவையும் ஜே லீகில் முதன்முறையாக எதிரெதிரே நிறுத்தியது. மட்சுமோட்டோவைத் தலைநகராகக் கொண்டிருந்த சிகுமா மாகாணம் 1876இல் கலைக்கப்பட்டு, இப்பகுதி நாகனோவோடு இணைக்கப்பட்ட காலத்திலிருந்து இவ்விரு நகரங்களுக்கும் இடையே போட்டி தொடர்கிறது; வட்டார லீக் நாள்களிலேயே அது மைதானத்துக்கும் வந்துவிட்டது.

2024 டிசம்பரில் மீண்டும் ஒரு கதவு திறந்தது. நான்காம் இடத்தில் முடித்த யாமகா, ஜே2வுக்கான பிளேஆஃப் இறுதியில் மூன்றாம் இடத்தில் இருந்த கட்டாலர் டொயாமாவை அவர்களின் மைதானத்தில் சந்தித்தது. ஆட்டம் சமனில் முடிந்தால் பட்டியலில் மேலே இருக்கும் அணிக்கே உயர்வு என்பது விதி. 2-0 என்று முன்னிலை பெற்றிருந்த யாமகா 80ஆம் நிமிடத்தில் ஒரு கோலையும், 90 நிமிடம் முடிந்தபின் சேர்க்கப்பட்ட நிமிடங்களில் இன்னொரு கோலையும் விட்டுக்கொடுத்தது. 2-2, தோற்காமலே வாய்ப்பு கைநழுவியது. ஊரார் உருவாக்கிய அமைப்பும் ஆல்வினும் இருக்கும்வரை இந்தக் கிளப் மறுபடி ஏறும் என்றுதான் நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் அதற்குச் சொரிமாச்சி காலத்தைப் போல, தனக்கென ஓர் ஆட்டப் பாணியை முதலில் மீட்டெடுக்க வேண்டும்.