திரையில் 25, குழலுக்குள் எத்தனை?

பெங்களூரின் பீனியா பக்கத்து எண்ணெய்ப் பரிசோதனைக் கூடங்களில் HPLC கருவி எண்ணெயின் கொழுப்பு மூலக்கூறுகளை ஒரு குழலுக்குள் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு முகடாக (பீக்) வரைந்து காட்டும். அங்கே ஷிஃப்ட் மாறும்போது தமிழ்ப் பையன்கள் கேட்டுக்கொள்ளும் கேள்வி: "நைட்டு ஏசி ஓடுச்சா மச்சி?" ஏப்ரல் காலையில் பாமாயிலின் பீக்குகள் ஒட்டிக்கிடந்தால் விடை பெரும்பாலும் அதில்தான் இருக்கும். குழலின் வெப்பத்தைப் பார்த்துக்கொள்ளும் ஓவனில் (oven) குளிரூட்டி இல்லையென்றால், அதற்குச் சூடேற்ற மட்டுமே தெரியும். அறை 29 டிகிரி என்றால் 25-க்கு அதனால் இறங்க முடியாது. (ஆங்கில column-ஐக் காலம் என்று எழுதினால் நேரம் என்று படிப்பீர்கள், அதனால் குழல் என்கிறேன்.)

18 கார்பன் சங்கிலிகள் பதித்த C18 குழல், அசிட்டோன்–அசிட்டோநைட்ரைல் கரைப்பான், தண்ணீர் கிடையாது. எண்ணெயின் ஒவ்வொரு கொழுப்பு மூலக்கூறிலும் மூன்று கொழுப்பமிலங்கள் இருக்கும்; அவற்றின் மொத்தக் கார்பன் எண்ணிக்கையிலிருந்து இரட்டைப் பிணைப்புகளின் இருமடங்கைக் கழித்தால் வெளிவரும் வரிசை கிடைக்கும். மூன்றும் ஓலிக் என்றால் 54−6=48. ஒரு பாமிட்டிக், இரண்டு ஓலிக் என்றால் 52−4, அதுவும் 48! இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தைத்தான் சூடு தூர்த்துவிடுகிறது. குளிரில் C18 சங்கிலிகள் விறைத்து ஒழுங்காக நிற்கும். நேரான பாமிட்டிக் அதற்குள் நன்றாக நுழைந்து தங்கும், வளைந்த ஓலிக் முந்திக்கொண்டு வந்துவிடும். சூடேற ஏற எல்லாமே சீக்கிரம் வரும், ஒன்றோடொன்று நெருங்கியும் வரும்.

அதற்காக வெப்பத்தைக் குறைத்துக்கொண்டே போகவும் முடியாது, கெட்டியான கொழுப்பு படிந்துவிடும். கடலை எண்ணெய், சூரியகாந்தி என்றால் 20–25 தாங்கும். பாமாயிலுக்கு 30 வைப்பேன்: பிரிப்பு கொஞ்சம் குறைந்தாலும் ஆண்டு முழுக்க நகராமல் நிற்கிற எண் அது. முழுக்க ஹைட்ரஜன் ஏற்றிய கெட்டிக் கொழுப்புக்கு 40-ஆவது வேண்டும். அதிலுள்ள டிரைஸ்டியரின் என்ற கொழுப்பின் உருகுநிலை 70 டிகிரிக்கு மேல், அசிட்டோநைட்ரைலிலோ அது கரையவே அடம்பிடிக்கும். மாதிரிகளைத் தானாகவே குழலுக்குள் செலுத்தும் ஆட்டோசாம்ப்ளரின் தட்டை 10-இல் வைக்கும் பழக்கமும் இங்கே ஆகாது. மாதிரிக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள், மேகம் மாதிரி தெரிந்தால் ஊசி போடாதீர்கள்.

குழலுக்குள்ளேயே படிந்துவிட்டால் முதலில் பீக்குகளுக்கு வால் நீளும், அடுத்து மாதிரி இல்லாமல் விடும் வெற்று ஓட்டத்தில் பேய் பீக் எழும், அழுத்தம் ஏறுவது கடைசியில்தான். அப்போது ஓவனை 45-க்கு ஏற்றி, ஐசோபுரோப்பனாலை நிமிடத்துக்கு 0.3 மில்லிலிட்டர் வேகத்தில் ஓடவிட வேண்டும். பிசுபிசுப்பான கரைப்பான் அது. வழக்கமான 1 மில்லிலிட்டரில் விட்டால் பம்ப் அழுத்த எல்லையைத் தொட்டு நின்றுவிடக்கூடும்.