95 லட்சம் அடிக்குக் கீழே

பதினெட்டு வருடம் போர்வெல் போடும் ரிக் வண்டியில் இருந்தவன் நான். திருச்செங்கோட்டில் ஏறியது. ஆந்திரா, சத்தீஸ்கர் என்று சுற்றி, கடைசி மூன்று வருடம் ஜாம்பியா. எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் டிரில்லர் மாமா. சேர்ந்த முதல் வாரமே என் கையைப் பிடித்து லீவர் மேல் வைத்தார். "காதுல கேக்கறதுக்கு முந்தி கையில தெரியும் கண்ணு. கல்லு மாறுச்சுன்னா அதிர்வு மாறும்" என்றார்.

துளையின் அடியில் கல்லை உடைக்கும் ஹேமர் கெட்டிக் கருங்கல்லில் அடிக்கும்போது அதிர்வு ஒரே சீராக முழங்கை வரை ஏறும். கல் நைந்த இடம் வந்தால் அடி அமுங்கிவிடும். கல்லுக்கிடையே கேப் விழுந்தால், ஹேமரைத் தாங்கும் ராடு ஒரு கணம் தானாக இறங்கும். புகையோடு மேலே வரும் கல் மாவை மாமா ஒரு கை அள்ளி, தண்ணீர் விட்டுக் கட்டைவிரலால் தேய்ப்பார். இந்த அதிர்வையும் மாவையும் வைத்தே 800 அடிக்குக் கீழே இருப்பதைச் சொல்லிவிடுவார்.

பூமிக்குள் 2,900 கிலோமீட்டர் ஆழத்தையும் ஆராய்ச்சியாளர்கள் இதே இரண்டு வழியில்தான் படிக்கிறார்கள் என்று தெரிந்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

2,900 கிலோமீட்டர் என்றால் எங்கள் கணக்கில் 95 லட்சம் அடி. மனிதன் போட்ட மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலாவில் இருக்கிறது. 1970இல் தொடங்கி 1989இல் 12,262 மீட்டரைத் தொட்டார்கள், சுமார் 40,000 அடி. அடியில் வெப்பம் 180 டிகிரி. அதற்குமேல் போக முடியவில்லை. மீதி ஆழத்துக்கெல்லாம் நிலநடுக்கம்தான் ஹேமர்.

நிலநடுக்க அலைகள் பூமியைக் குடைந்துகொண்டு மறுபக்கம் வந்து சேரும் நேரத்தை உலகம் முழுக்கக் கருவிகள் பதிகின்றன. அந்தப் பதிவுகளைக் கோத்துப் பார்த்தபோது, 1980களில் ஒரு விசித்திரம் தெரிந்தது. மேன்டில் என்ற பாறை அடுக்கு முடிந்து உருகிய இரும்பு தொடங்கும் அந்த 2,900 கிலோமீட்டர் எல்லையில், இரண்டு இடங்களில் மட்டும் அலைகள் தாமதமாகின்றன. ஒன்று ஆப்பிரிக்காவுக்குக் கீழே, இன்னொன்று பசிபிக் கடலுக்குக் கீழே. ஒவ்வொன்றும் கண்டம் போல அகலம். ஆப்பிரிக்காவின் கீழுள்ளது சுமார் ஆயிரம் கிலோமீட்டர் உயரம். கனடாவின் டூஸோ வில்சன் நினைவாக அதற்கு டூஸோ என்றும், அமெரிக்காவின் ஜேசன் மார்கன் நினைவாகப் பசிபிக்கில் இருப்பதற்கு ஜேசன் என்றும் பெயர். கண்டங்கள் நகரும் கதையை நமக்குத் தெளிவாக்கியவர்கள் இவர்கள் இருவரும்.

ஜாம்பியாவின் தலைநகர் லுசாகாவுக்கு வெளியே செம்மண் புழுதியில் நான் போர் போட்டுக்கொண்டு நின்ற இடம் அந்த டூஸோ பக்கம்தான். லுசாகா கடல் மட்டத்துக்கு மேல் 1,200 மீட்டருக்கும் அதிகம். தெற்கு ஆப்பிரிக்காவே இப்படி மேடாக இருப்பதற்கு, டூஸோவிலிருந்து எழும் சூடான ஓட்டம் கீழிருந்து தாங்குவதும் ஒரு காரணம் என்கிறார்கள். மூன்று வருடம் அந்த மேட்டின் மேல் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறேன். வைரம் கொண்டுவரும் கிம்பர்லைட் குழாய்களும் பெரும்பாலும் இந்தத் திட்டின் ஓரத்துக்கு நேர் மேலேதான் வெடித்திருக்கின்றன.

டூஸோவும் ஜேசனும் வெறும் சூடான பாறையா, வேறு பாறையா? வெறும் சூடு என்றால் ஓரம் மெல்ல மெல்ல மங்க வேண்டும். டூஸோவின் ஓரம் சில இடங்களில் சுவர் வைத்தது போல் சட்டென்று முடிகிறது. கல் மாறினால் அதிர்வு மாறும். 2025 ஜனவரியில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அர்வென் டாய்ஸ் குழு இன்னொன்றைப் பார்த்தது. பெரிய நிலநடுக்கம் வந்தால் பூமி முழுவதும் மணி போல அதிரும். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு வாரக்கணக்கில் அதிர்ந்தது. அந்த அதிர்வு எங்கே எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்தார்கள். இந்தத் திட்டுகளில் வேகம் குறைகிறது, ஆனால் அமுங்கவில்லை. சுற்றியுள்ள, பழைய கடல் தரைகள் மூழ்கிக் கிடக்கும் பகுதிகளில்தான் அமுங்குகிறது. காரணம், பாறையில் இருக்கும் படிக மணிகளின் அளவு. மூழ்கும் பாறை மீண்டும் படிகமாகும்போது பொடி மணியாகிறது. ஒவ்வொரு மணியின் விளிம்பிலும் அதிர்வு கொஞ்சம் செத்துவிடும். திட்டுகளில் மணி பெரிது. பெருமணியாக வளர நெடுங்காலம் அசையாமல் கிடந்திருக்க வேண்டும், குறைந்தது 50 கோடி ஆண்டுகள். இதைப் படித்தபோது மாமா மாவைத் தேய்க்கும் கட்டைவிரல்தான் நினைவுக்கு வந்தது.

இந்தத் திட்டுகள் எங்கிருந்து வந்தன என்பதில் மூன்று பேச்சு உண்டு. மூழ்கிய கடல் தரை சேர்ந்த குவியல் என்பது ஒன்று. பூமி உருகிக் கிடந்த காலத்தின் அடி வண்டல் என்பது இன்னொன்று. மூன்றாவதை 2023 நவம்பரில் ச்சியான் யுவான் குழு கணினி மாதிரியோடு வைத்தது. 450 கோடி ஆண்டுகளுக்கு முன் செவ்வாய் அளவுள்ள தேயா என்ற கோள் பூமியில் மோதியது. தெறித்ததில் நிலா உருவானது. தேயாவின் கனமான மேன்டில் பாறை அடியில் போய்த் தங்கியது. சுற்றியுள்ள பாறையைவிட 2 முதல் 3.5 சதவீதம் கனம் கூடுதல் என்றால் கரையாமல் அங்கேயே கிடக்குமாம். இரவு டூட்டியில் நிலா வெளிச்சத்தில் ராடு மாற்றியவனுக்கு இது நிஜமாக இருக்க வேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் மாவு கைக்கு வராமல் கல்லின் பெயரைச் சொல்ல மாட்டேன்.

மாவும் கொஞ்சம் வருகிறது. ஹவாய், சமோவா எரிமலைக் கற்களில் ஹீலியம், டங்ஸ்டன் அணு வகைகளின் விகிதங்கள் மற்ற எரிமலைக் கற்களைப் போல இல்லை. பூமி பிறந்த முதல் சில கோடி ஆண்டுகளில் பிரிந்து, அதன் பிறகு முழுதாகக் கலக்காத ஏதோ ஒன்றின் சுவடு அது. ஹவாயும் சமோவாவும் ஜேசன் பக்கம் இருக்கின்றன.

நம் பக்கமும் ஒரு தொடர்பு உண்டு. இலங்கைக்குத் தெற்கே கடல் மட்டமே சுமார் 100 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. அங்கே புவியீர்ப்பு குறைவு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் தேபாஞ்சன் பாலும் அத்ரேயி கோஷும் 2023இல் ஒரு விளக்கம் சொன்னார்கள். பழைய டெதிஸ் கடல் தரை மூழ்கிப் போய் டூஸோவைக் கலைக்க, அதிலிருந்து கிளம்பிய சூடான, லேசான பாறை அந்தக் கடலுக்குக் கீழே வந்திருக்கிறதாம்.

லுசாகா போர் மாவு ஒரு பாலிதீன் பையில் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அது மேல் தோல் மட்டும்தான். ஹவாயிலிருந்து யாராவது ஒரு கைப்பிடி எரிமலைக் கல் கொண்டுவந்தால் இடித்து, தண்ணீர் விட்டு, கட்டைவிரலால் தேய்த்துப் பார்க்க வேண்டும்.