60 ரூபாய் நைட்டியும் 20 கொண்டை ஊசி வளைவும்

துணிக்கு மொத்தமே 200 ரூபாய்தான். சேலம் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து செவ்வாய்ப்பேட்டை வரை ஆட்டோவுக்கு 150. பொடிநடையாகப் போகிற தூரம்! கையில் துணி மூட்டையைப் பார்த்தால் மீட்டர் என்ற வார்த்தையே ஆட்டோக்காரர்களுக்கு மறந்துவிடுகிறது. மூட்டையை முதுகுப்பைக்குள் அமுக்கிவிட்டுப் பேரம் பேசுங்கள்.

தேடிப் போனது, ஏற்காட்டுக்கு உடுத்திப் போக மோரி கேய் உடுப்புக்கான பழைய துணி. மோரி என்றால் ஜப்பானிய மொழியில் காடு. காட்டுக்குள் வாழும் பெண் உடுத்தினால் எப்படி இருக்கும் என்ற கற்பனையில் 2000களின் பிற்பகுதியில் அங்கே பரவிய பாணி. தொளதொள பருத்தி, அடுக்கடுக்காய்ப் பாவாடை, பழுப்பு லேஸ், கம்பளி. டோக்கியோவில் இதற்கு ஷிமோகிடசாவா, கோயென்ஜி பக்கத்துப் பழைய துணிக் கடைகளுக்குப் போவார்கள். சேலத்தில் 'ஜப்பான் மாதிரி' துணியைத் தேடி அலைவது வீண். நம் நைட்டியும் உள்பாவாடையும் பாதி மோரிதான். வாங்கவேண்டியது பருத்தியை, அதுவும் நிறைய.

நடைபாதைக் குவியலில் எல்லாமே 'சுத்தக் காட்டன்' என்றுதான் விற்பார்கள். மடிப்போரம் ஒரு நூலை உருவி, கடைக்கு வெளியே வந்து பற்றவைத்துப் பாருங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலானால் பருத்தி. உருகி மணியாகத் திரண்டால் பாலியஸ்டர். பிறகு வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து அக்குள், முழங்கால் பகுதி சல்லடையாகிவிட்டதா என்று பாருங்கள். அங்கே நைந்த துணி தையல் போட்டதும் ஊசித்துளை வரிசையிலேயே கிழியும். வீட்டுக்கு வந்ததும் பருத்தியைக் கொதிநீரில் போட்டு எடுக்காமல் அலமாரிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

நைட்டி 60, உள்பாவாடை இரண்டு 60, ஒரு காட்டன் புடவை 80.

நைட்டியில் பெரிய பெரிய பூ இருந்தால் உட்புறத்தை வெளியே திருப்புங்கள். அச்சின் பின்பக்கம் வெளுத்துத்தான் இருக்கும், அதுதான் நமக்கு வேண்டிய நிறம். தையல்களைப் பிரித்துத் திருப்பித் தைக்கவேண்டும், முன் ஜிப்பை எடுத்துவிட்டுத் தேங்காய் ஓட்டுப் பொத்தான் வைக்கவேண்டும்.

பாவாடைக்கு ஃப்ரில் வைப்பதில்தான் பலர் சொதப்புகிறார்கள். உள்பாவாடையின் கீழ்ச்சுற்று சுமார் இரண்டரை மீட்டர். ஃப்ரில் துணி அதைப்போல் இரண்டு மடங்காவது வேண்டும். ஐந்தரை மீட்டர் புடவை இதற்கென்றே நெய்தது போலப் பொருந்தும்! பார்டரோடு சேர்த்து 7 அங்குல அகலத்துக்கு நீளவாக்கில் வெட்டினால், பார்டரே கீழ்விளிம்பாகிவிடும். மடித்துத் தைக்கும் வேலை மிச்சம். இரண்டு பார்டருக்கு இரண்டு ஃப்ரில். மேல் ஓரத்தில் மெஷினின் மிகப் பெரிய தையலில், கால் அங்குல இடைவெளியில் இரண்டு வரிசை ஓட்டி, அடிப்பக்கத்து பாபின் நூல்களை மட்டும் இழுத்துச் சுருக்குங்கள். ஐந்தரை மீட்டரையும் ஒரே இழுப்பில் சுருக்கப் போனால் நடுவில் நூல் அறுந்து, முதலிலிருந்து தொடங்கவேண்டும். பாவாடைச் சுற்றையும் ஃப்ரிலையும் நாலு பாகமாகக் குறித்து, ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாகச் சுருக்கிப் பொருத்துங்கள்.

டெய்லரிடம் படம் காட்டினால் கூலி ஏறும். 'பாவாடைக்கு ஃப்ரில் வைக்கணும்ணா' என்று மட்டும் சொல்லுங்கள். பழைய துணியைத் தொடவே மாட்டேன் என்பவரும் உண்டு. துவைத்துத் தேய்த்துக் கொண்டுபோனால் முகம் சுளிக்கமாட்டார்கள்.

சாயம் தைத்த பிறகு. இரண்டு லிட்டர் தண்ணீரில் பத்து ஸ்பூன் டீத்தூள், பத்து நிமிடக் கொதி, வடிகட்டியபின் துணியை ஒரு மணி நேரம் புரட்டிப் புரட்டி ஊறவையுங்கள். உலர்ந்த துணியை அப்படியே போட்டால் திட்டுத் திட்டாகும். முதலில் நனைத்துப் பிழிந்துவிட்டுப் போடவேண்டும். சாம்பல் நிறம் பிடிக்குமென்றால் 100 கிராம் துணிக்கு 20 கிராம் கடுக்காய்ப் பொடி கலந்த தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, துருப்பிடித்த ஆணி ஊறிய வினிகரில் ஓரிரு ஸ்பூன் கலந்த தண்ணீரில் முக்கி எடுங்கள். ஆசைப்பட்டுக் கூடுதலாக ஊற்றினால் இரும்பு பருத்தி இழையையே அரித்துவிடும். இன்னொன்று: ஃபேன்சி ஸ்டோர் பாலியஸ்டர் லேஸ் டீயைக் குடிக்காது. பழுப்புப் பாவாடையில் அது மட்டும் வெள்ளை வெளேரென்று பல்லிளிக்கும். காட்டன் லேஸ்தான் வேண்டும் என்று கறாராகக் கேளுங்கள்.

ஏற்காட்டில் வாங்கவேண்டியது கம்பளி ஸ்வெட்டர் ஒன்றுதான். சாலையோரம் தொங்குவதில் பெரும்பாலும் அக்ரிலிக் என்ற செயற்கை இழை. குளிருக்குப் பரவாயில்லை, வெட்டினால் பிசிறு பிரிந்துகொண்டே போகும். நிஜக் கம்பளி கிடைத்தால் வேண்டுமென்றே வெந்நீரில் கசக்கித் துவையுங்கள். சுருங்கிக் கெட்டித் துணியாகும். கையை வெட்டி வெஸ்ட் ஆக்கினால் ஓரம் பிரியாமலிருக்கப் போடும் ஓவர்லாக் தையலே தேவையில்லை. எவ்வளவு சுருங்கும் என்பது கம்பளியைப் பொறுத்தது, அதனால் இரண்டு அளவு பெரியதாக எடுங்கள்.

அந்த உடுப்பில் பகோடா பாயிண்ட் பனிக்குள் நின்றால், அடடா, செலவெல்லாம் மறந்துபோகும். ஆனால் பாவாடை கணுக்காலுக்கு இரண்டு அங்குலம் மேலேயே முடியட்டும். பனியில் நனைந்த ஓரம் ஒட்டுப்புல்லை வாரிக்கொண்டு வரும், பருத்தி ஃப்ரிலிலிருந்து அதை ஒவ்வொன்றாகப் பிடுங்குவதற்குள் கை ஓய்ந்துவிடும். இரண்டு பாவாடையையும் கட்டிக்கொண்டு சேலத்திலேயே பஸ் ஏறாதீர்கள். 20 வளைவிலும் நின்றுகொண்டு வருகிறவர்கள் உங்கள் ஃப்ரில் மேல்தான் நிற்பார்கள். ஒன்றைப் பையில் வைத்து மேலே போய்க் கட்டிக்கொள்ளுங்கள்.