பழைய ஹைலக்ஸை மலைப்பாதைக்குத் தயார் செய்தது: ஆயில் சீலில் தொடங்கிய வேலை

மெல்பர்னில் எங்கள் வீட்டு வாசலில் நிற்பது 1994ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ், டபுள் கேப். மாடல் எண் எல்என்106. பழைய ஹைலக்ஸ் வாங்க நினைப்பவர்கள் முதலில் இந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும். அதே காலத்து எல்என்111 வெளிப்பார்வைக்கு ஏறக்குறைய இதே வண்டிதான். ஆனால் அதில் முன் சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும் டார்ஷன் பார் அமைப்பு இருக்கும். 106இல் முன்னாலும் லாரிபோல ஒரே இரும்பு அச்சு, அதோடு லீஃப் ஸ்பிரிங், அதாவது அடுக்கடுக்கான பட்டை வில். தார் ரோட்டில் இது முதுகைப் பதம் பார்க்கும். கல்லும் பள்ளமுமான பாதையிலோ ஒரு சக்கரம் பாறைமேல் ஏறினால் மறு சக்கரம் தரையை நோக்கி அழுந்தும், அதுதான் நமக்கு வேண்டும். 1997இல் அடுத்த தலைமுறை ஹைலக்ஸ் வந்தபோது ஆஸ்திரேலியாவில் இந்த அச்சு போய்விட்டது. பழைய வண்டிக்கு இன்றும் கிராக்கி இருப்பதற்கு அதுவே பாதிக் காரணம்.

இன்ஜின் 3எல் டீசல், 2.8 லிட்டர். டர்போ கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. 90 குதிரைத் திறனைச் சுற்றித்தான் வரும். நெடுஞ்சாலை ஏற்றத்தில் பின்னால் வருகிறவர்கள் நம்மைத் திட்டுவது கண்ணாடியிலேயே தெரியும்.

வாங்கியதும் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டது, எத்தனை அங்குலம் உயர்த்தப் போகிறீர்கள், என்ன டயர், முன்னால் என்ன விளக்கு என்றுதான். நான் தொடங்கியது முன் அச்சின் உள் ஆயில் சீலில், ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தில். கடையில் விலை மிகக் குறைவான சாமான் அது. மாற்றுவதற்குள்தான் இடுப்பு ஒடிந்துவிடும்.

முன் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பார்த்தால் பந்து மாதிரி ஓர் இரும்பு உருண்டை தெரியும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது, சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் என்ற பாகம் அந்த உருண்டையின்மேல்தான் திரும்புகிறது. உள்ளே, திருப்பிய சக்கரத்துக்கும் சுழற்சியைக் கொண்டுபோகும் சி.வி. ஜாயின்ட், அதாவது கூண்டுக்குள் ஆறு எஃகு உருண்டைகள். அதற்கு மாலிப்டினம் கலந்த கெட்டி கிரீஸ் வேண்டும். பக்கத்திலேயே டிஃப் ஹவுசிங்கில், அதாவது இரண்டு சக்கரங்களுக்கும் திறனைப் பிரிக்கும் டிஃபரன்ஷியலின் கூட்டில், இருப்பது நீர்த்த கியர் ஆயில். இரண்டுக்கும் நடுவே நிற்பது இந்தச் சீல் ஒன்றுதான். அது தேய்ந்தால் ஆயில் நக்கிளுக்குள் வழிந்து, கிரீஸைக் கரைத்து, வெளியே உள்ள ஃபெல்ட் வளையம் வழியாகச் சக்கரத்தின் உட்பக்கம் கசியும். டிஃப்பில் ஆயில் குறையும், ஜாயின்ட்டில் கிரீஸ் குறையும். என் வண்டியில் இரண்டு பக்கமும் அந்த உருண்டை ஈரமாக, மண் அப்பிக் கிடந்தது. ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பினால் டிக்டிக் என்று மெல்லிய சத்தம்.

வலது பக்கம் முதலில். சக்கரத்தை அச்சுத் தண்டோடு இணைக்கவும் விடுவிக்கவும் உதவும் ஃப்ரீ வீலிங் ஹப், பிரேக் காலிப்பர் எல்லாவற்றையும் இறக்கி, பேரிங் நட்டைத் தொட வேண்டும். அதற்கு 54 மில்லிமீட்டர் சாக்கெட் தேவை. முந்தைய உரிமையாளர் யாரோ அது இல்லாமல் உளியை வைத்துத் தட்டியே கழற்றியிருக்கிறார், நட்டின் விளிம்பெல்லாம் கடித்த கரும்பு மாதிரி இருந்தது. புது நட்டும் பூட்டு வாஷரும் வாங்கினேன். ஸ்டீயரிங் ஆர்ம் உட்காரும் ஸ்டட்களில் கூம்பு வடிவ வாஷர்கள் இருக்கும். நட்டைக் கழற்றினாலும் அவை அசையாது. பித்தளைத் துண்டை ஆர்மின்மேல் வைத்துச் சுத்தியலால் அடித்தால், பத்து அடிக்கு அசையாதது பதினோராவது அடிக்குத் துள்ளி வெளியே வரும்.

நக்கிளைத் திறந்தால் சாம்பல் நிறத்தில் கூழ் கொட்டியது, கூடவே கியர் ஆயிலின் கந்தக வாடை. உடையில் பட்டால் போகாது. மண்ணெண்ணெயில் எல்லாவற்றையும் கழுவி, ஜாயின்ட்டை வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு உருண்டையும் ஓடும் தடத்தைப் பார்த்தேன். தேய்மானம் இருந்தது, குழி இல்லை. ஆகவே அதையே திரும்பப் போட்டேன். நக்கிளின் மேலும் கீழும் உள்ள பேரிங்குகள் மட்டும் போய்விட்டன. நேராக ஓடும்போது ஒரே இடத்தில் வருடக்கணக்காக அடி வாங்கி, அவற்றின் வளையத்தில் உருளைகளின் தழும்பு பதிந்திருந்தது. ஸ்டீயரிங் நடுவில் வரும்போது ஏதோ பள்ளத்தில் விழுவதுபோல் தோன்றியதற்குக் காரணம் இதுதான்.

புதுப் பேரிங் போட்ட பிறகு ஷிம் என்கிற மெல்லிய தகடுகளைக் கூட்டிக் குறைத்து இறுக்கம் பார்க்க வேண்டும். மீனை நிறுக்கும் ஸ்பிரிங் தராசை ஆர்மின் நுனியில் மாட்டி இழுத்து, நக்கிள் எந்த எடைக்கு அசைகிறது என்று பார்ப்பதுதான் முறை. உள் சீலைச் செருகியபின் அச்சுத் தண்டை உள்ளே தள்ளும்போது கொஞ்சம் பொறுமை வேண்டும். தண்டின் கனம் சீலின் ரப்பர் உதட்டில் உட்காராமல் கையால் தூக்கிப் பிடித்தபடியே நுழைக்க வேண்டும், இல்லையென்றால் புதுச் சீலும் முதல் நாளே கிழியும். அப்புறம் கிரீஸை அள்ளி அள்ளித் திணித்தேன். இடது பக்கம் வலதில் பாதி நேரத்தில் முடிந்தது.

அடுத்தது பிரீதர், அதாவது டிஃப் மூச்சு விடும் துளை. காடு மேடு ஓட்டும் எந்தப் பழைய வண்டிக்கும் இதைவிட மலிவான நல்ல மாற்றம் எனக்குத் தெரியாது. டிஃப் ஓடி ஓடிச் சூடாகும், உள்ளே காற்று விரியும். அது வெளியேறத்தான் மேலே சின்ன மூடி. அந்தச் சூட்டோடு ஆற்றில் இறங்கினால் ஹவுசிங் சட்டென்று குளிரும், காற்று சுருங்கும், வெற்றிடம் உண்டாகும். மூடி துருப்பிடித்து அடைத்திருந்தால் சீல் வழியாகவும், திறந்திருந்தால் மூடி வழியாகவும் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். மூடியைக் கழற்றிவிட்டு ஹோஸ் மாட்டி, முன் டிஃப்புடையதை இன்ஜின் அறையின் உச்சிக்கும் பின் டிஃப்புடையதைப் பின்விளக்கின் உயரத்துக்கும் கொண்டுபோனேன். கியர்பாக்ஸ், முன் பின் அச்சுகளுக்குத் திறனைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டுக்கும் அதே மாதிரி.

இன்ஜினில் பெரிதாகக் கை வைக்கவில்லை. 3எல்லுக்கு ஒரு பலவீனம் உண்டு, ஒருமுறை நன்றாகச் சூடேறினால் சிலிண்டர் ஹெட் வெடிப்பு விடும். டேஷ்போர்டில் இருக்கும் முள்ளை நம்ப முடியாது. அதன் சென்சார் தண்ணீரில் நிற்கிறது, தண்ணீரே கொட்டிப்போனால் அது வெறும் காற்றைத்தான் அளக்கும். அதனால் ஹெட்டின் உலோகத்தையே அளக்கும் சென்சாரும் கத்துகிற அலாரமும் மாட்டினேன். ரேடியேட்டருக்குப் புது கோர்.

இவ்வளவுக்கும் பிறகுதான் ஸ்பிரிங். 50 மில்லிமீட்டர் உயரம் கூடும் புது செட், ஸ்பிரிங்கின் நுனியைப் பிடிக்கும், கிரீஸ் அடிக்கக்கூடிய ஷேக்கிள் பின், ஸ்பிரிங்கை அச்சோடு கட்டும் புது யூ போல்ட். பழைய யூ போல்ட்டைத் திரும்ப இறுக்குவது எனக்குப் பிடிக்காது, ஒருமுறை இழுபட்டது பட்டதுதான். பின் ஸ்பிரிங் வாங்கும்போது கடையில் கேட்கிற கேள்வி, வண்டியில் எப்போதும் எவ்வளவு எடை இருக்கும் என்பது. இங்கே பலர் வீம்புக்கு அதிக எடைக்கானதை வாங்குகிறார்கள். காலியாக ஓடும்போது அது மடங்கவே மடங்காது, சக்கரம் பள்ளத்தில் இறங்காமல் அந்தரத்தில் சுற்றும். நான் வாங்கியது இருப்பதிலேயே மெல்லியது.

மாட்டி முடித்து வண்டியை இறக்கியதும், யாழ்ப்பாணத்தில் கராஜ் நடத்தியவரும் இப்போது எங்கள் தெருவில் இருப்பவருமான அண்ணை ஒருவர் வந்து சுற்றிப் பார்த்தார். குனிந்து பின் அச்சைப் பார்த்துவிட்டு, “உயர்த்தினது சரி. பிரேக்குக்கு ஆர் தம்பி சொன்னது, நீர் வாகனத்தை உயர்த்தினீர் எண்டு?” என்றார்.

“இனித்தான் சொல்லணும் அண்ணை, பிராக்கெட் வெட்டி வச்சிருக்கேன்” என்று காட்டினேன்.

அவர் சொன்னது பின் பிரேக்கின் அழுத்தத்தை எடைக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கும் வால்வை. சேசிஸில் வால்வு, அதிலிருந்து ஒரு கம்பி பின் அச்சுக்கு. பின்னால் பாரம் ஏற்றினால் வண்டி தாழும், கம்பி மேலே தள்ளும், பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும். ஸ்பிரிங்கால் வண்டியை உயர்த்தினால் சேசிஸுக்கும் அச்சுக்கும் இடைவெளி கூடுகிறது. வால்வுக்கு அது வண்டி காலியாக இருப்பதாகத் தெரியும். பின் பிரேக்கைத் தளர்த்திவிட்டு முன்னால் உள்ள இரண்டு டிஸ்க் மேல் எல்லாச் சுமையையும் போடும். குடும்பமும் கூடாரமும் ஏற்றிக்கொண்டு மலை இறங்கும்போது யாருக்கும் வேண்டாத நிலை. அச்சில் கம்பி பொருந்தும் பிராக்கெட்டை அதே 50 மில்லிமீட்டர் உயர்த்திப் பற்றவைத்தால் வால்வு பழைய கணக்குக்கு வந்துவிடும். சரளைப் பாதையில் அழுத்திப் பார்த்தேன், முன் சக்கரம் மட்டும் பூட்டிக்கொண்டு வழுக்கும் குணம் இல்லை.

டயர் 31 அங்குலம், 10.5 அகலம், 15 அங்குல ரிம்மில். வண்டியோடு வந்த 205 ஆர்16ஐவிட விட்டம் கூடுதல் என்பதால் ஸ்பீடோமீட்டர் 6 சதவீதம் போலக் குறைத்துக் காட்டுகிறது. ஓடிய தூரமும் அதே கணக்கில் குறைவாகப் பதியும். விற்கும்போது ஆதாயம், ஆயில் மாற்றும்போது நஷ்டம்.

விக்டோரியா மாநில மலைப்பகுதியில், டார்கோ பக்கம் பில்லி கோட் பிளஃப் பாதையில் ஏறிப் பார்த்தோம். பள்ளத்தாக்கிலிருந்து பினக்கிள்ஸ் தீக்காவல் கோபுரம் பக்கம் போய்ச் சேர்வதற்குள் 1,000 மீட்டருக்கும் மேல் ஏற்றம். கீழேயே டயர் காற்றை 20 பி.எஸ்.ஐ.க்கு இறக்கி, லோ ரேஞ்சில், அதாவது டிரான்ஸ்ஃபர் கேஸின் மெதுவான கியரில், முதல் கியரும் இரண்டாவதுமாக மாற்றி மாற்றி ஏறினேன். திறன் போதாது என்று ஓரிடத்திலும் தோன்றவில்லை, ஹெட் வெப்பமும் கட்டுக்குள்தான் நின்றது. இறக்கத்தில்தான் குறை தெரிந்தது. லோ ரேஞ்ச் விகிதம் 2.28தான், முதல் கியரிலும் வண்டி நான் விரும்பியதைவிட வேகமாக உருள்கிறது. அமெரிக்காவில் மார்லின் கிராலர் என்கிற நிறுவனம் இதே டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு 4.7 விகிதத்தில் கியர் செய்கிறது. விலையைப் பார்த்துவிட்டு அந்த இணையப் பக்கத்தை மூடிவிட்டேன்.

திரும்பும் வழியில் வொன்னங்கட்டா ஆற்றைக் கடந்தோம். ஃபேன் இறக்கை தண்ணீரில் வளைந்து ரேடியேட்டரைக் கிழிக்காமல் இருக்க கிரில்லுக்கு முன்னால் தார்ப்பாய் கட்டிக்கொண்டேன். வீடு வந்ததும் டிஃப் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பார்த்ததில் பால் நிறம் இல்லை, தண்ணீர் கலக்கவில்லை. நக்கிளின் மேல் இருக்கும் சதுரத் தலை மூடியைத் திறந்து விரலை விட்டால் கிரீஸ் கெட்டியாக, கறுப்பாக, போட்டது போட்டபடி இருந்தது. இடது பின் டிரம்மில் மட்டும் வீல் சிலிண்டர் லேசாகக் கசிகிறது. இரண்டு பக்கத்துக்கும் புதுச் சிலிண்டர் சொல்லியாயிற்று.

ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் முடியும்வரை விக்டோரியாவின் மலைப்பாதைகளில் பலவற்றை மூடிவிடுவார்கள். அந்த மாதங்களுக்கு டைமிங் பெல்ட்டை ஒதுக்கி வைத்திருக்கிறேன். 1,00,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது, நேரம் வந்தால் டேஷ்போர்டில் அதற்கென்றே ஒரு விளக்கு எரியும். என் வண்டியில் அது எரியவில்லை. பல்ப் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.